சுருட்டையின் முகம்

ஐஸ் கம்பெனியில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கேட்டுக்கு வெளியே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "உள்ள மூணாவது வால்வுல கேஸ் கசியுது, போய்ப் பாருங்க" என்று சொன்னார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். கந்தகக் குச்சியைக் கொளுத்திக் கொண்டுபோய்க் காட்டினால், மூன்றாவது வால்வின் கழுத்தில் புகை பால் மாதிரி வெளுத்தது. அம்மோனியா கசிகிற இடத்தில் கந்தகப் புகை அப்படித்தான் வெளுக்கும். அன்றோடு குச்சிக்கு வேலை குறைந்தது. மூக்கர் ஷிப்டில் இருக்கும்போது குச்சி எதற்கு என்பது கம்பெனியில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பிறகு குச்சி தீர்ந்தபோது யாரும் கேட்டு வாங்கவும் இல்லை.

அந்த மூக்கு செத்து ஐந்து வருஷமாகிறது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தவர், குளிக்கும்போது சோப்பை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நின்றார். கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது. சளி போனால் வந்துவிடும் என்று நினைத்தார். சளி போயிற்று. வாசனை வரவில்லை. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. மெஷின் ரூமுக்கு மூக்கு வேண்டும். மூக்கு இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. ஐம்பத்திரண்டு வயதில், தேய்ந்த முட்டியோடு, பாளம் பாளமாக ஐஸை லாரியில் ஏற்றுகிற பக்கம் போய் நிற்க முடியாது. வீட்டில் ஒரு மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், பிறகு கல்லூரி.

கல்லூரியில் அவள் எடுத்திருந்தது தத்துவம். கணக்கு எடுக்கிற அளவு மார்க் இருந்தும் அதைத்தான் எடுப்பேன் என்று நின்றாள். மூக்கருக்கு அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. விளங்காத படிப்பென்றால் பெரிய படிப்பாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார். அவருடைய மைத்துனன் பஸ் கண்டக்டர். வாரம் ஒருமுறை வந்து அக்கா கையால் ஒரு டீ குடித்துவிட்டு இதையே ஆரம்பிப்பான்.

"ஏம்மா, உன் வகுப்புப் பிள்ளைங்க நாலு பேர் என் பஸ்ஸுல ஏறினா என்ன கதி? டிக்கெட் எடும்மான்னா, டிக்கெட்னா என்னன்னு கேப்பீங்க. இறங்குன்னா, இறங்கறது நானா பஸ்ஸான்னு கேப்பீங்க."

"அதெல்லாம் மூணாவது வருஷப் பாடம் மாமா. நான் ரெண்டாவது வருஷம்தான்."

மூக்கர் சிரிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசாத மனிதர். இருபத்தேழு வருஷம் கம்ப்ரசர் சத்தத்தில் நின்றவருக்குப் பேசாமல் இருப்பது பழகிப்போயிருந்தது.

விஷயம் வெளியே வந்தது ஒரு விடுமுறை நாளில். தைத்த சட்டைகளுக்குக் காஜா போட்டு, பட்டன் வைத்து, கட்டிக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள் மனைவி. அடுப்பில் பால். பக்கத்திலேயே ஸ்டூலில் மூக்கர், கையில் பேப்பர். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மகள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் அடி கறுத்து, வீடு முழுக்கப் புகை.

"அப்பா! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. குழாயடி வரைக்கும் நாறுது."

"பேப்பர் படிச்சிட்டிருந்தேன்மா."

"பேப்பரைக் கண்ணாலதானே படிக்கிறீங்க?"

அவர் பேப்பரை மடித்தார். அவளும் அப்போது விட்டுவிட்டாள். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். சாயங்காலம் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, "கண்ணை மூடுங்கப்பா. என் கையில என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். சின்ன வயதில் விளையாடுவாள் அப்படி. அவர் கண்ணை மூடினார். முகத்தருகே கை வருவது தெரிந்தது. சமையல்கட்டிலிருந்து வந்திருக்கிறாள், என்ன எடுத்து வந்திருப்பாள்?

"டீத்தூள்" என்றார்.

"இப்ப?"

"இப்ப... சோப்பு."

கண்ணைத் திறந்தபோது அவள் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தாள். இரண்டும் வெறும் கை.

"எத்தனை நாளாப்பா?"

"அஞ்சு வருஷம்."

அவள் சத்தம் போடவில்லை. அம்மா மாதிரி தலையில் கை வைக்கவில்லை. தரையைப் பார்த்தபடி யோசித்தாள். "அப்ப மெஷின் ரூம்ல கசிஞ்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஷிப்டில் கூட இருப்பவன் சுருட்டை. தலையில் ஒரு முடி கிடையாது. சேரும்போது இருந்த சுருட்டை முடிக்கு வந்த பெயர், முடி போன பிறகும் போகவில்லை. ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். "அவன் முகத்தைப் பாத்துக்குவேன். லேசா கசிஞ்சாலும் இடது புருவம் மேல ஏறும். அவனுக்கே தெரியாது, ஏறும். உடனே நான் எந்திரிச்சு வால்வு வால்வா போய்ப் பாப்பேன். மொத வருஷம் ரெண்டு தடவை அப்படிப் பிடிச்சோம். மூக்கர் மூக்குன்னா மூக்குன்னாங்க எல்லாரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாலு வருஷமா புருவம் ஏறவே இல்ல. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம் மெஷினை."

"நாலு வருஷமா கசியவே இல்லையா?"

"மத்த ஷிப்ட்ல ரெண்டு மூணு தடவை கசிஞ்சுது. நம்ம ஷிப்ட்ல கிடையாது."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்கு மூக்கு இருக்கு."

"உங்களுக்கும் இருக்குன்னுதான் அவரு நினைச்சிட்டிருப்பாரு."

மூக்கருக்கு முதலில் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். "எங்க சார் சொல்வாரு. ஒருத்தர் சொல்றதை நம்பறதுக்கு முன்னாடி, அது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்கன்னு. நேரா பாத்தாரா, எதையாவது வச்சு ஊகிச்சாரா, இல்ல யாரோ சொல்லிக் கேட்டாரா. நீங்க அவரைப் பாத்துத் தெரிஞ்சுக்கறீங்க. அவரும் உங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா?"

"உளறாத."

"நாலு வருஷமா உங்க ஷிப்ட்ல மட்டும் கசியலைன்னா, கசியலைன்னும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் தெரியலைன்னும் இருக்கலாம்."

வாசலில் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. துணிக் கட்டு இன்னும் இடுப்பில் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு மகளின் எதிரே வந்து நின்றாள்.

"இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா."

"அப்பாவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ படிக்கணுமா வேணாமா?"

"படிக்கணும். அதான் கஷ்டமா இருக்கு."

"கஷ்டமா இருந்தா வாயை மூடிக்கிட்டு இரு. அஞ்சு வருஷம் ஒண்ணும் ஆகல. உன் வகுப்புல சொல்ற கதையை வச்சு அடுப்புல தண்ணி ஊத்தாத." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கோபத்தில் ஆரம்பித்தவளுக்குக் குரல் பாதியில் உடைந்தது. "என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? அஞ்சு வருஷமா நான் வைக்கிற குழம்பு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சாப்பிட்டீங்களே."

அடுத்த வாரம் மைத்துனன் வந்தபோது அவனுக்கும் விஷயம் போயிருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "மாமா, இதுக்கெல்லாம் போய் மண்டையைக் குடைஞ்சுக்காதீங்க. எங்க டிரைவருக்கு ராத்திரியானா பாதிக் கண்ணு தெரியாது. எதிர்ல வர்றவன் லைட் போட்டுத்தானே வர்றான்னு ஓட்டறாரு. வண்டி ஓடுது இல்ல?"

"எதிர்ல வர்ற டிரைவருக்கும் பாதிக் கண்ணுதான் தெரியும்னா மாமா?" என்று கேட்டாள் மகள்.

அவனுக்கு டீ புரையேறியது. "ஐயோ, இந்தப் பொண்ணு இனிமே என் பஸ்ஸுல ஏறக்கூடாது அக்கா." சிரித்தான். ஆனால் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை, மூக்கரின் சாப்பாட்டுப் பையில் மகள் ஒரு சின்னக் குப்பியை வைத்தாள். மூடி இறுக்கியது. உள்ளே தைலத்தில் நனைத்த பஞ்சு.

"அவருக்குத் தெரியாம பக்கத்துல திறந்து வைங்கப்பா. முகம் மாறுதான்னு பாருங்க. அவ்வளவுதான். மாறிடுச்சுன்னா நான் இனிமே இதைப்பத்திப் பேசவே மாட்டேன்."

"மாறலைன்னா?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மாறாவிட்டால் மேனேஜரிடம் போக வேண்டும். போனால் இரண்டு குடும்பத்துக்கும் சம்பளம் போகும். கூடவே அவளுடைய மூன்றாவது வருஷமும்.

மூன்று நாள் குப்பி பையிலேயே போய் பையிலேயே வந்தது.

மெஷின் ரூமில் கம்ப்ரசரின் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். பெல்ட் தடதடவென்று அடிக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர்த் தொட்டி; மேலே மரப்பலகை மூடி; பலகையைத் தூக்கினால் வரிசை வரிசையாக டின்கள், ஒவ்வொன்றிலும் உறைகிற தண்ணீர். செயின் போட்டு ஒரு வரிசையைத் தூக்கி, வெந்நீர்த் தொட்டியில் முக்கிக் கவிழ்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் உடைக்கிற பெண்களும் ஏற்றுகிற ஆட்களும். இந்தப் பக்கம் இவர்கள் இருவரும் கேஜ் போர்டும் மட்டும். முள் சரியாக நின்றால் டீ. முள் ஆடினால் வேலை.

சுருட்டை பேசிக்கொண்டே இருப்பான். சத்தத்தில் பாதி கேட்காது. கேட்காத பாதிக்கும் மூக்கர் தலையாட்டுவார். முதல் நாள் குப்பி மேல் கை வைத்தபோது, சுருட்டை தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்துப் பாதியாகப் பிட்டு அவரிடம் நீட்டினான். "அண்ணே, இன்னைக்கு உங்க தங்கச்சி உப்பு போட மறந்துட்டா. கோவத்துல மறந்தாளா, நிஜமாவே மறந்தாளான்னு உங்க பொண்ணைத்தான் கேக்கணும், அதுதான் இதெல்லாம் படிக்குது." மூக்கர் முட்டையை வாங்கிக்கொண்டார். கை குப்பிக்குத் திரும்பவில்லை. ஒரே டப்பாவில் தின்கிறவனை, திருடனைச் சோதிக்கிற மாதிரி எப்படிச் சோதிப்பது? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். அடியில் வேறொன்று இருந்தது. அதைக் கிளறவில்லை. தெரியாதவரை வேலைக்கு வரலாம். தெரிந்துவிட்டால் வர முடியாது.

சாயங்காலம் மகள் கேட்பாள், "பாத்தீங்களாப்பா?" அவர் தலையை அசைப்பார். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, வாரா வாரம் செய்கிற மாதிரி, எண்ணெய் இறக்கச் சுருட்டை போனான். கம்ப்ரசரிலிருந்து கேஸோடு கூடப் போகிற எண்ணெய் ஒரு தொட்டியில் போய்த் தங்கும்; அடி வால்வைத் திறந்து அதைப் பிடிக்க வேண்டும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் குந்துகிற இடம். சுருட்டை வாளியோடு உள்ளே நுழைந்தான். மூக்கர் கதவுப் பக்கம் கேஜ் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த வால்வின் கழுத்தில் உள்ள அடைப்பு அன்று காலை ஷிப்ட் மாறியதிலிருந்தே இற்றுக் கசிந்துகொண்டிருந்தது. சுருட்டை ஸ்பானரைப் போட்டுத் திருப்பியதும் அது பிய்த்துக்கொண்டு போயிற்று.

மூக்கருக்கு முதலில் தெரிந்தது சத்தம். சீட்டியடிக்கிற மாதிரி. பிறகு வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து வந்தது. கண்ணில் மிளகாய்ப் பொடியை வாரி அடித்தாற்போல எரிந்தது. மூச்சு தொண்டையில் நின்றது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் செத்த மூக்குக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஓட நேரம் இருக்காது. கை தானாகவே மெயின் சுவிட்சைத் தட்டியது. கால் தானாகவே வெளியே ஓடியது. கேட் பக்கம் போய் விழுந்தார்.

"சுருட்டை" என்றார். குரல் வரவில்லை.

முகமூடி கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி மேனேஜர் மேசையில் இருந்தது. மேனேஜர் வெளியே போயிருந்தார். பெண்கள் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார்கள். எடுத்த முகமூடியில் வார் இற்றிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து, ஆளை வெளியே இழுத்துப் போட அரைமணி ஆயிற்று.

சுருட்டை மூன்று நாள் இருந்தான். உள்ளே எல்லாம் வெந்துவிட்டது என்றார் டாக்டர். அதே வார்டில், நாலு கட்டில் தள்ளி, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு மூக்கர் படுத்திருந்தார். சுருட்டையின் இருமல் கேட்கும். எப்போதும் பேசிக்கொண்டிருந்தவனிடமிருந்து இருமல் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அதுவும் நின்றது. யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐஸ் உடைக்கிற அக்கா ஒருத்தி அவரைப் பார்க்க வந்தாள். கட்டிலருகே நின்று அழுதாள்.

"எங்களுக்கு அன்னைக்குக் காலைலயே வாசனை வந்துதுண்ணே. உடைக்கிற இடம் வரைக்கும் வந்துது. நானே எட்டிப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் நின்னு டீ குடிச்சிட்டிருந்தீங்க. அவரு ஏதோ சொல்லிச் சிரிக்கறாரு. மூக்கரே சும்மா நிக்கறாரு, நமக்கென்ன தெரியும்னு திரும்பி வந்துட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மூக்கர் கட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சுருட்டையைப் பார்த்தார். பெண்கள் அவரைப் பார்த்தார்கள். சுருட்டை யாரைப் பார்த்தான் என்பதுதான் பாக்கி. அது தெரிய இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

கண் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்திருந்தார். வெளிச்சம் பட்டால் தண்ணீர் கொட்டியது. கம்பெனி மூடிக் கிடந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தாள், காஜா போட்டாள், சாப்பிட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எதைப் பற்றியும். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு அழுதிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவள் சொல்லவே இல்லை.

ஒரு மத்தியானம் சுருட்டையின் பெண்டாட்டி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மனசுல வச்சிட்டிருந்தா எனக்குத் தூக்கம் வரல."

"கேளும்மா."

"அவருக்கு வாசனை தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மகளின் கையில் ஊசி நின்றது.

"நாலு வருஷமா தெரியாதுண்ணே. வீட்ல சோறு அடிப்பிடிச்சாக்கூடத் தெரியாது. நான்தான் அடிச்சுக்குவேன், கம்பெனில சொல்லிடுய்யா, வேற வேலை கேளுய்யான்னு. சிரிப்பாரு. 'எனக்கு எதுக்குடி மூக்கு? அண்ணன் மூக்கு ஊருக்கே போதும். அவரு முகம் சுளிச்சா நான் ஓடிடுவேன். இத்தனை வருஷமா அவரு முகத்தைப் பாத்துத்தான் பொழைக்கிறேன்'னு சொல்வாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அன்னைக்கு உங்களுக்கும் ஒண்ணும் தெரியலையாண்ணே?"

மூக்கர் சுவரைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது வெளிச்சத்தினால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

"அன்னைக்கு எனக்குச் சளி பிடிச்சிருந்துதும்மா" என்றார்.

"அதானே" என்றாள் அவள். வெகு நாள் தேடிய ஒன்று கிடைத்தாற்போலத் தலையை ஆட்டினாள். "அதானே. என் நேரம். அன்னைக்குன்னு பாத்து உங்களுக்குச் சளி பிடிக்கணுமா?"

மகள் சட்டையை மடித்து வைத்தாள். ஊசியை நூல்கண்டில் குத்தினாள். எழுந்து வெளியே போனாள். இருட்டும்வரை வரவில்லை.

கம்பெனி திறந்தது. வால்வுகள் மாற்றி, பைப்புக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முகமூடிப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. கந்தகக் குச்சி இரண்டு கட்டு வந்திருந்தது. மேனேஜர் அதைத் தன் அலமாரியில் வைத்திருந்தார். விசாரணையில், எண்ணெய் இறக்கும்போது ஆள் கவனமில்லாமல் இருந்ததாக எழுதியிருந்தார்கள். மூக்கரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்: மெயின் சுவிட்சை நிறுத்தினீர்களா? நிறுத்தினேன் என்றார். அதற்குப் பாராட்டி ஒரு வரி இருந்தது.

முதல் நாள் ஷிப்டில் மேனேஜர் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். வேறொரு ஐஸ் கம்பெனியில் தொட்டிப் பக்கம் நின்றவன். உடைக்கிற பெண்கள் தடுப்பருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் சத்தமாகச் சொன்னார், கம்ப்ரசரை மீறிக் கேட்கட்டும் என்று.

"இவர்தான்யா மூக்கர். இருபத்தேழு வருஷம். நீ எதையும் யோசிக்க வேணாம். இவரு நின்னா நில்லு, இவரு ஓடினா ஓடு."

புது ஆள் கும்பிட்டான். "சொன்னாங்கண்ணே. உங்களைப் பத்தி அங்கேயே கேள்விப்பட்டிருக்கேன். எனக்கு மெஷின் ரூம் புதுசு. உங்க முகத்தைப் பாத்துக்கறேன்."

மூக்கர் அவனைப் பார்த்தார். சாதாரண முகம். காலையில் ஷேவ் செய்ததில் தாடையில் ஒரு வெட்டு. அந்த முகமும் கொஞ்ச நாளில் பழகிவிடும். டப்பாவைத் திறந்து ஏதாவது நீட்டும்.

"பாக்காத" என்றார்.

"என்னண்ணே?"

"என் முகத்தைப் பாக்காத. எனக்கு வாசனை தெரியாது."

சத்தத்தில் கேட்கவில்லை. அவன் காதைக் கிட்டக் கொண்டுவந்தான். மூக்கர் திரும்பிப் போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார். சக்கரம் மெதுவாகி நின்றது. அத்தனை அமைதியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. தொட்டியில் உப்புத் தண்ணீர் அலம்புவது கேட்டது.

"எனக்கு அஞ்சு வருஷமா வாசனை தெரியாது" என்றார் அவர். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களுக்கும் கேட்டது. "சுருட்டைக்கும் தெரியாது. நான் அவன் முகத்தைப் பாத்துட்டு நின்னேன். அவன் என் முகத்தைப் பாத்துட்டு நின்னான். அவன் கவனமில்லாம இல்ல. வேற எதுலயும் இல்ல, என் மேலதான் கவனமா இருந்தான்."

மேனேஜர் அவரை அறைக்குக் கூட்டிப்போனார். முதலில் கோபப்பட்டார். பிறகு பயந்தார். பிறகு, இதை வெளியே எங்கும் சொல்ல வேண்டாம், உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மூக்கர் எழுதிக் கொடுத்தார். வாசனை தெரியவில்லை என்றுதான் எழுதினார். மேனேஜர் அதைக் கிழித்தார். மறுபடியும் அதையே எழுதினார். மூன்றாவது தடவை மேனேஜர் கிழிக்கவில்லை. கேட் வரைக்கும் யாரும் கூட வரவில்லை. புது ஆள் மட்டும் மெஷின் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாதவன்போல.

பதினோரு மணிக்கே வந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் மனைவிக்கு விளங்கிவிட்டது. மடியிலிருந்த சட்டைக்குக் காஜா போட்டு முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதன் பட்டன் பட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது.

மகள் பரீட்சைக்குப் படிக்க வீட்டில் இருந்தாள். புத்தகத்தை மூடினாள். அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து, கொடியிலிருந்து துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க."

"எங்க?"

"சுருட்டை மாமா வீட்டுக்கு. அங்க இன்னும் சளின்னுதான் இருக்கு."

இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும். வெயில் நேராக இறங்கியது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தார். பள்ளம் வந்தபோது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவில்லை. பைப் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பரீட்சையை எழுதிடு" என்றார் அவர். "அது வரைக்கும் ஃபீஸ் கட்டியாச்சு."

"ம்."

"அப்புறம்..."

"அப்புறம் அம்மாகூட உக்காந்து காஜா போடறேன். அதை இப்ப பேச வேணாம்பா."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கேள்வியே கேட்காமல் இருந்தவள் அப்போது கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"குப்பி கொடுத்தன்னைக்குத் தெரியாதது என்னப்பா இன்னைக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் நின்றார். அவளும் நின்றாள். பதிலை அவர் வாயில் போட்டுக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மூக்கர். "எல்லாம் அன்னைக்கே தெரியும்."

அவள் தலையசைத்தாள். சரி என்றா, சரியில்லை என்றா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிடித்திருந்த முழங்கையை விடாமல் நடந்தாள். மூன்றாவதாக இருந்த சுருட்டை வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம், ஒரே சீராக, நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.